வளையும் காந்த இழைக்குள் என்ன நடக்கிறது?

2005-ல் பாரிஸ் நகரின் ஈ.எஸ்.பி.சி.ஐ. உயர்கல்வி நிறுவனத்தில் ஒரு ரத்தச் சிவப்பணுவுக்கு வால் ஒட்டினார்கள். வால் என்றால், ஒரு மைக்ரோமீட்டர் விட்டமுள்ள குட்டி உருண்டைகளை வரிசையாக நிறுத்தி, பக்கத்துப் பக்கத்து உருண்டைகளை டி.என்.ஏ. துண்டுகளால் பிணைத்த ஓர் இழை. மொத்த நீளம் இருபத்துச் சொச்சம் மைக்ரோமீட்டர். நம் தலைமுடியின் தடிமனில் பாதிகூட வராது. உருண்டை ஒவ்வொன்றுக்குள்ளும் இரும்பு ஆக்சைடு துகள்கள் இருந்தன. வெளியிலிருந்து காந்தப்புலத்தை இப்படியும் அப்படியும் ஆட்டியதும் இழை நெளிந்தது, சிவப்பணுவையும் கூட்டிக்கொண்டு நீந்திப் போனது. அதற்குள் மோட்டார் இல்லை, எரிபொருள் இல்லை. ரெமி ட்ரேஃபஸ், ஜெரோம் பிபெட் உள்ளிட்ட குழுவினர் இதை நேச்சர் இதழில் வெளியிட்டார்கள்.

அந்த நீச்சலைப் பற்றி நிறையப் பேசினார்கள். எனக்கு அதற்கு முந்தைய கேள்வி மீதுதான் பெரிய ஈர்ப்பு. காந்தப்புலத்தில் வைத்த ஓர் இழை ஏன் வளைய வேண்டும்? வளைந்தாலும், ஏன் சில நேரம் கொண்டை ஊசி மாதிரி மடிகிறது, சில நேரம் எஸ் எழுத்து மாதிரி நெளிகிறது, சில நேரம் அசையாமல் நிற்கிறது? இதற்கான பதில் ஆச்சரியப்படும் அளவுக்கு எளிமையானது. பள்ளி இயற்பியலோடு கொஞ்சம் பொறுமை இருந்தால் போதும்.

இழுப்பதா, திருப்புவதா

காந்தம் என்றதும் நமக்கு இழுப்பதுதான் நினைவுக்கு வரும். குண்டூசியை இழுக்கும், ஆணியை இழுக்கும். ஆனால் திசைகாட்டி முள்ளை யோசித்துப் பாருங்கள். பூமியின் காந்தப்புலம் அதை வடக்கே திருப்புகிறதே தவிர, வடக்கு நோக்கி இழுத்துக்கொண்டு போவதில்லை. லண்டனில் திசைகாட்டி செய்துவந்த ராபர்ட் நார்மன் இதை 1581-லேயே சோதித்துக் காட்டினார். காந்த ஊசியை ஒரு தக்கையில் குத்தித் தண்ணீருக்குள் மிதக்கவிட்டார். ஊசி திரும்பியது. இருந்த இடத்தைவிட்டு எந்தப் பக்கமும் நகரவில்லை.

காரணம் இதுதான். ஊசியின் ஒரு முனையை புலம் எந்த அளவுக்கு முன்னால் தள்ளுகிறதோ, அதே அளவுக்கு மறுமுனையைப் பின்னால் தள்ளுகிறது. புலம் எல்லா இடத்திலும் ஒரே வலிமையில் இருந்தால் இரண்டும் சமமாகி, நிகர விசை பூஜ்யமாகிவிடும். மிஞ்சுவது திருப்புவிசை மட்டும். குண்டூசி காந்தத்தை நோக்கிப் பாய்வதற்குக் காரணம், காந்தத்துக்குப் பக்கத்தில் புலம் வேகமாகக் கூடிக்கொண்டே போவது. ஆய்வுக்கூடத்தில் எதிரெதிரே வைத்த கம்பிச்சுருள்களுக்கு நடுவில் புலம் சீராக இருக்கும். அங்கே இழுப்பு கிடையாது.

சரி, இப்போது அந்த ஊசி எஃகால் ஆனதாக இல்லாமல், ரப்பர் மாதிரி வளையக்கூடியதாக இருந்தால்? அதன் ஒவ்வொரு துணுக்கும் ஒரு குட்டித் திசைகாட்டி. ஒவ்வொன்றும் புலத்தின் திசைக்குத் திரும்பப் பார்க்கிறது. ஆனால் தனியாகத் திரும்ப முடியாது, இரண்டு பக்கமும் அண்டை வீட்டுக்காரர்கள் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு துணுக்கு மட்டும் அதிகமாகத் திரும்பினால் அந்த இடத்தில் இழை வளைய வேண்டும். வளைவதை இழையின் விறைப்பு எதிர்க்கிறது. இழை என்ன வடிவம் எடுக்கும் என்பதை இந்த இருவரின் பேரம்தான் முடிவு செய்கிறது.

ஈர்க்குச்சியும் ஆய்லரும்

இன்னொரு விதமாகப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். நீளவாக்கில் ஒரே சீராகக் காந்தமேற்றிய ஓர் இழையை எடுத்துக்கொள்வோம். உள்ளே ஒவ்வொரு துணுக்கின் வடமுனையும் அடுத்த துணுக்கின் தென்முனையைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. அடுத்தடுத்து வரும் வடக்கும் தெற்கும் ஒன்றையொன்று ரத்து செய்துவிடும். ரத்தாகாமல் மிஞ்சுவது இரண்டு கடைசி முனைகள் மட்டுமே. ஆகவே, புலம் அந்த இழையைப் பிடிப்பதும் இரண்டு கடைசிகளில்தான்.

இழையின் காந்தத் திசையும் புலத்தின் திசையும் ஒன்றாக இருந்தால், இரண்டு முனைகளும் வெளியே இழுபடும். இழை கயிறு மாதிரி விறைப்பாக நிற்கும். திசைகள் எதிரெதிராக இருந்தால் இரண்டு முனைகளும் உள்நோக்கித் தள்ளப்படும். அதாவது, இழை அமுக்கப்படுகிறது.

ஒரு தென்னை ஈர்க்கை நெட்டுக்குத்தலாகத் தரையில் ஊன்றி, உச்சியில் விரலை வைத்து மெதுவாக அழுத்திப் பாருங்கள். முதலில் ஒன்றும் நடக்காது. ஈர்க்கு நேராகவே தாங்கும். அழுத்தம் ஓர் எல்லையைத் தாண்டிய நொடியில் பட்டென்று ஒரு பக்கமாக வில் மாதிரி வளைந்துவிடும். அந்த எல்லை எவ்வளவு என்று கணித மேதை லியோனார்ட் ஆய்லர் 1744-லேயே கணக்கிட்டுவிட்டார். ஈர்க்கு இரண்டு மடங்கு நீளமானால் நான்கில் ஒரு பங்கு அழுத்தமே அதை வளைக்கப் போதும்.

எதிர்த்திசைப் புலத்தில் வைத்த காந்த இழையின் சமன்பாட்டை எழுதினால், அது ஆய்லருடைய சமன்பாடேதான். தோராயமாக ஒத்துப்போகிறது என்று சொல்லவில்லை. அச்சு அசலாக அதே. விரலின் அழுத்தம் இருந்த இடத்தில், ஒரு மீட்டர் இழைக்குரிய காந்தத் திருப்புத்திறனையும் புலத்தின் வலிமையையும் பெருக்கிப் போட்டால் போதும். தொடாமலே அழுத்தும் விரல் என்று அந்தப் புலத்தை நினைத்துக்கொள்ளலாம். ஏறத்தாழ 280 வருடத்துக்கு முன்னால் தூண்களுக்காகவும் கம்பிகளுக்காகவும் போட்ட கணக்கு, நுண்ணோக்கிக்கு அடியில் ஒரு மாற்றமும் இல்லாமல் பொருந்துவதை முதல்முறை பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தது.

அதே சமன்பாட்டுக்கு இன்னொரு உறவினரும் உண்டு. வளைந்த இழையின் வழியே நடந்துபோகும்போது அதன் கோணம் எப்படி மாறுகிறதோ, அப்படியேதான் ஓர் ஊசலின் கோணம் நேரத்தோடு மாறும். இயற்பியலாளர் கிர்க்காஃப் 1859-ல் கண்ட ஒப்புமை இது. இழையின் நீளம் ஊசலின் நேரமாகிவிடுகிறது, காந்தப்புலம் புவியீர்ப்பாகிவிடுகிறது.

எண்ணில் பார்ப்போம்

பேரத்தில் யார் கை ஓங்கும் என்பதை ஒரே ஓர் எண் சொல்லிவிடும். காந்தம் திருப்பும் வலிமையை விறைப்பால் வகுத்து, இழை நீளத்தின் வர்க்கத்தால் பெருக்க வேண்டும். காந்தமீட்சி எண் என்று அதை அழைக்கலாம். ஒன்றைவிட மிகச் சிறியதாக இருந்தால் இழை கம்பி மாதிரி நடந்துகொள்ளும். நன்றாகப் பெரியதாக இருந்தால் மடியும்.

ஒரு நிஜமான கணக்கு போட்டுப் பார்க்கலாம். அரை மில்லிமீட்டர் விட்டமுள்ள சிலிக்கோன் ரப்பர் நூல், அதற்குள் நியோடிமியம் காந்தப் பொடி கலந்து காந்தமேற்றியது என்று வைப்போம். ரப்பரின் யங் குணகம், அதாவது பொருள் எவ்வளவு விறைப்பானது என்பதன் அளவு, 1 மெகாபாஸ்கல். காந்தமாக்கம், அதாவது எவ்வளவு வலுவாகக் காந்தமேறியிருக்கிறது என்பதன் அளவு, மீட்டருக்கு 1 லட்சம் ஆம்பியர். புலம் 20 மில்லிடெஸ்லா. பூமியின் புலத்தைப் போல ஏறத்தாழ 400 மடங்கு. கணக்கைப் போட்டால் 2.8 மில்லிமீட்டர் என்று ஒரு நீளம் கிடைக்கிறது. இந்த நூலுக்கு இந்தப் புலத்தில் உள்ள இயல்பான நீளம் அது; அந்த நீளத்தில் காந்தமீட்சி எண் சரியாக ஒன்று. ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு எதிர்த்திசையில் புலத்தைக் கொடுத்தால், நூல் 4.4 மில்லிமீட்டரைவிடக் குட்டையாக இருக்கும்வரை நேராகவே நிற்கும். அதைத் தாண்டினால் வளைந்துவிடும். ஒரு சென்டிமீட்டர் நீளம் இருந்தால் காந்தமீட்சி எண் கிட்டத்தட்ட 13 ஆகிவிடுகிறது. நூல் புலத்தின் பக்கம் நன்றாகவே திரும்பி மடிந்துகொள்ளும்.

இந்தக் கணக்கில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று ஒளிந்திருக்கிறது. நூலைப் பருமனாக்கினால் காந்த வலிமை விட்டத்தின் வர்க்கமாகக் கூடும். விறைப்போ விட்டத்தின் நான்காம் அடுக்காகக் கூடும். இரண்டையும் வகுத்துப் பார்த்தால், மிஞ்சுவது நீளத்துக்கும் தடிமனுக்கும் உள்ள விகிதம் மட்டும்தான். நூல் எவ்வளவு பெரியது, எவ்வளவு சிறியது என்பது கணக்கிலேயே வராது. ஒல்லியாக இருக்கிறதா என்பது மட்டும்தான் கேள்வி. ஒரே பொருள், ஒரே புலம், ஒரே விகிதம் என்றால், ஒரு மீட்டர் நூலும் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு நூலும் ஒரே மாதிரி வளையும். நுண்ணிய உலகில் மோட்டாரும் பேட்டரியும் சுருங்க மறுக்கும்போது, இந்த வளைவு மட்டும் ஒன்றையும் இழக்காமல் சுருங்குகிறது. நுண்பொருள் ஆராய்ச்சியாளர்கள் காந்த இழைகளைப் பிடித்துக்கொண்டதற்கு இதுவே பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

எஃகுத் தையல் ஊசி ஏன் வளைவதில்லை? எஃகின் யங் குணகம் சுமார் 200 கிகாபாஸ்கல். ரப்பரைவிட இரண்டு லட்சம் மடங்கு. காந்தமாக்கத்தைத் தாராளமாக எடுத்துக்கொண்டாலும், அதே புலத்தில் காந்தமீட்சி எண் ஆயிரத்தில் சில பங்குதான் வரும். ஆகவே ஊசி விறைப்பாகத் திரும்பும், அவ்வளவுதான்.

சொந்தக் காந்தம், இரவல் காந்தம்

இதுவரை பேசியது சொந்தமாகக் காந்தம் வைத்திருக்கும் இழை. பாரிஸில் செய்த வால் அந்த வகை இல்லை. அதன் உருண்டைகளுக்குள் இருக்கும் இரும்பு ஆக்சைடு துகள்கள் பத்து நானோமீட்டர் அளவில் இருப்பவை. அவ்வளவு சிறிய துகளில், சாதாரண அறை வெப்பத்தின் குலுக்கலே காந்தத் திசையைப் புரட்டிப் போட்டுவிடும். எனவே புலம் இல்லாதபோது உருண்டைக்குக் காந்தம் இல்லை. புலம் வந்ததும் வலுவாகக் காந்தமாகும், போனதும் மறந்துவிடும். இதைச் சூப்பர்பாராகாந்தம் என்பார்கள். வேலைக்கு இது மிகவும் வசதி. இல்லாவிட்டால் உருண்டைகள் புட்டியிலேயே ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும்.

ஆனால் இரவல் காந்தம் என்றதும் விதிகள் மாறிவிடுகின்றன. புலத்தைத் தலைகீழாகத் திருப்பினால் உருண்டையின் காந்தமும் கூடவே திரும்பிவிடும். ஆகவே இந்த இழைக்கு வடக்கு முனை, தெற்கு முனை என்ற பேதமே கிடையாது. எதிர்த்திசைப் புலம் இதை அமுக்காது. இதற்குப் பிடிக்காத நிலை, புலத்துக்குக் குறுக்கே கிடப்பது.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. இப்படிப்பட்ட தனி உருண்டையைப் புலம் திருப்பவே முடியாது. அதன் காந்தம் எப்போதும் புலத்தின் திசையிலேயே இருப்பதால் திருப்ப ஒன்றும் இல்லை. அப்படியானால் தனித்தனியாகத் திரும்பாத உருண்டைகள் சேர்ந்த சங்கிலி மட்டும் எப்படித் திரும்புகிறது? விடை, பக்கத்து உருண்டையில் இருக்கிறது. இரண்டு உருண்டைகளைப் புலத்தின் திசையிலேயே முன்னும் பின்னுமாக வைத்தால் ஒன்றையொன்று இழுக்கும், ஒன்றின் காந்தத்தை மற்றது வளர்க்கும். பக்கம் பக்கமாக வைத்தால் ஒன்றையொன்று தள்ளும், ஒன்றின் காந்தத்தை மற்றது குறைக்கும். தள்ளுவதைவிட இழுப்பது இரண்டு மடங்கு வலிமை. அதனால் அந்த ஜோடி எப்போதும் புலத்தின் திசையில் முன்பின்னாக நிற்கவே விரும்பும். திரும்ப வேண்டும் என்ற உந்துதல் உருண்டைக்குள் இல்லை, உருண்டைகளுக்கு இடையில் இருக்கிறது. வரிசையாக நின்றால்தான் அந்த உந்துதலே பிறக்கிறது.

இந்த இழையைச் செய்யும் முறையும் இதையேதான் பயன்படுத்துகிறது. திரவத்தில் மிதக்கும் உருண்டைகளுக்குப் புலத்தைக் கொடுத்தால் தாமாகவே வரிசையில் நின்றுகொள்ளும். அப்போது பிணைப்பு மூலக்கூறுகள் இடைவெளியைக் கட்டிவிடும். பிறகு புலத்தை எடுத்தாலும் வரிசை கலையாது.

இப்போது, நேராகக் கிடக்கும் அந்த இழைக்கு, புலத்தைச் செங்குத்தாகத் திருப்பிக் கொடுப்போம். ஒவ்வொரு பகுதியும் 90 பாகை திரும்ப வேண்டும். இடப்பக்கமா, வலப்பக்கமா என்பதில் அதற்கு அக்கறை இல்லை; இரண்டும் ஒன்றுதான். முனைகள்தான் முதலில் அசையும், ஏனென்றால் அவற்றை ஒரு பக்கம்தான் யாரோ பிடித்திருக்கிறார்கள். நடுப்பகுதி இரண்டு பக்கமும் சிறைப்பட்டிருக்கிறது. இரண்டு முனைகளும் ஒரே சுழற்சியில் திரும்பினால், இழை கொஞ்ச நேரம் எஸ் வடிவில் நெளிந்துவிட்டு முழுசாகத் திரும்பி நேராகிவிடும். ஒன்று கடிகாரச் சுழற்சியிலும் மற்றது எதிர்ச்சுழற்சியிலும் திரும்பினால், இரண்டு கைகளும் புலத்தின் திசையில் நீட்டிக்கொள்ள, நடுவில் ஒரு கூர்மையான வளைவு மிஞ்சும். அதுதான் கொண்டை ஊசி.

கொண்டை ஊசி, இழையின் மிகச் சிக்கனமான நிலை இல்லை. நேராக நிற்பதுதான் குறைந்த ஆற்றல். ஆனால் அந்த வளைவு மறைய வேண்டுமானால் அது நழுவி நழுவி ஒரு முனைவரை போய் வெளியேற வேண்டும். நடுவழியில் அதற்கு எந்த அவசரமும் இல்லை. அதனால் மாட்டிக்கொண்டு அப்படியே கிடக்கும்.

2003-ல், நீந்தும் வாலுக்கு இரண்டு வருடம் முன்னால், கூபோ, ஃபெர்மிஜியே, பிபெட் முதலான பாரிஸ் குழுவினர் இந்த மாட்டிக்கொண்ட வளைவையே அளவுகோலாக்கினார்கள். இரண்டு கைகளும் புலத்தின் திசையில் திருப்தியாக இருக்கின்றன. வளைவு மட்டும்தான் சண்டைக்களம். புலத்தைக் கூட்டினால் வளைவு இறுகும், குறைத்தால் தளரும். இரவல் காந்தத்தில் புலமே காந்தத்தையும் உண்டாக்குகிறது, அதைத் திருப்பவும் செய்கிறது. ஆகவே புலத்தை இரட்டிப்பாக்கினால் வளைவும் சரியாக இரட்டிப்பாகும். சொந்தக் காந்தமுள்ள இழையில் அதே இரட்டிப்புக்குப் புலம் நான்கு மடங்காக வேண்டும். வளைவின் ஆரத்தை நுண்ணோக்கியில் அளந்து, புலம் எவ்வளவு என்று தெரிந்தால், இழையின் விறைப்பு கையில் வந்துவிடும். விறைப்பு தெரிந்தால், உருண்டைகளைக் கட்டியிருக்கும் மூலக்கூறுகள் எவ்வளவு முரடானவை என்று தெரிந்துவிடும். கண்ணுக்கே தெரியாத ஒரு மூலக்கூறின் விறைப்பை, ஒரு கொண்டை ஊசியின் அகலத்தில் படிக்கிறார்கள்! அதே காலத்தில் அமெரிக்காவில் சிபானி லிசா பிஸ்வாலும் ஆலிஸ் காஸ்ட்டும் வேறொரு பிணைப்பு மூலக்கூறை வைத்து இதே போன்ற சங்கிலிகளை வளைத்துப் பார்த்தார்கள்; சுழலும் புலத்தில் அவை எஸ் வடிவில் முறுகிக்கொண்டே சுற்றுவதையும் ஆராய்ந்தார்கள்.

கோட்பாட்டுப் பக்கத்தில் பெரிய பங்கு லாட்வியாவின் தலைநகர் ரீகாவிலிருந்து வந்தது. அங்கே பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரேஸ் செபர்ஸ், 2003 தொடங்கி இந்த இழைகளின் சமன்பாடுகளை எழுதி, எப்போது மடியும், எப்போது சுருண்டு வளையமாகும் என்று கணக்கிட்டார். அது திடீரென்று முளைத்த ஆர்வம் இல்லை. காந்தமும் திரவமும் சேரும் இயற்பியலுக்கென ஓர் ஆய்விதழ் 1965-லிருந்தே ரீகாவிலிருந்து வந்துகொண்டிருக்கிறது. சின்ன நாடு, நீண்ட மரபு.

தேனுக்குள் நீச்சல்

அப்புறம் அந்த வால் எப்படி நீந்தியது? வளைவது மட்டுமே நீச்சலாகிவிடாது. ஒரு மைக்ரோமீட்டர் உலகில் தண்ணீர் நமக்குத் தேன் இருப்பதைவிடக் கெட்டியானது. ஒரு பாக்டீரியா உந்துவதை நிறுத்தினால், ஓர் அணுவின் விட்டத்தைவிடக் குறைந்த தூரத்தில் நின்றுவிடும் என்று இயற்பியலாளர் எட்வர்ட் பர்செல் 1977-ல் வெளியான ஓர் உரையில் கணக்குச் சொன்னார். அந்த உலகில் ஒரு கடுமையான விதி உண்டு: போன வழியே திரும்பி வந்தால், எவ்வளவு வேகமாகப் போனாலும் எவ்வளவு மெதுவாக வந்தாலும் புறப்பட்ட இடத்தில்தான் இருப்பீர்கள். ஓட்டைத் திறந்து மூடி நகரும் சிப்பி அங்கே ஓர் இம்மிகூட நகராது.

விறைப்பான காந்த ஊசியைப் புலத்தால் இப்படியும் அப்படியும் ஆட்டினால் அது போன வழியே திரும்பி வரும். நிகரமாக எதுவும் நடக்காது. வளையும் இழை அப்படி இல்லை. புலம் திசை மாறும்போது அதன் முனை முதலில் திரும்பும், உடல் பின்னால் தாமதமாக வரும். திரும்பி வரும்போதும் முனையே முந்திக்கொள்ளும். அதனால் போகும்போது இருந்த வடிவங்கள் வேறு, வரும்போது இருக்கும் வடிவங்கள் வேறு. இழையின் வழியே ஓர் அலை ஓடுகிறது. ஆனால் இரண்டு முனையும் ஒரே மாதிரி இருந்தால் இரண்டு பக்கத்து அலைகளும் சமமாகிவிடும். எனவே ஒரு பக்கத்தில் பாரம் வேண்டும். சிவப்பணு அதற்குத்தான். அலை கட்டற்ற முனையில் பிறந்து சிவப்பணுவை நோக்கி ஓடியதால், அந்த நீச்சல்காரன் வாலை முன்னால் நீட்டிக்கொண்டு போனான். விந்தணு நீந்துவதற்கு நேர் எதிர் திசை. அங்கே அலை தலையிலிருந்து வால் நுனிக்கு ஓடும்.

ஆட்டும் வேகத்துக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. மிக மெதுவாக ஆட்டினால் இழை முழுசாகப் புலத்தோடு ஒட்டிப்போய், விறைத்த கம்பியாகிவிடும். மிக வேகமாக ஆட்டினால் நுனி மட்டும் துடிக்கும், மிச்சமெல்லாம் பாரமாகத் தொங்கும். இரண்டுக்கும் நடுவில்தான் நல்ல நீச்சல். துடிப்பு எவ்வளவு தூரம் உள்ளே பரவும் என்பது அதிர்வெண்ணின் நான்காம் மூலத்தைப் பொறுத்தது. அதைப் பாதியாக்க, வேகத்தை 16 மடங்கு கூட்ட வேண்டும். அதனால் நடுவிலுள்ள அந்த நல்ல இடம் நன்றாகவே அகலமானது. செய்து பார்ப்பவர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

மேசை மேலும் மூளைக்குள்ளும்

நுண்ணோக்கி இல்லாமலே இதில் ஒரு பகுதியைப் பார்க்க முடியும். கடைகளில் விற்கும் நியோடிமியம் காந்த உருண்டைகளைக் கோத்தால் வரும் சங்கிலி, எந்த ரப்பரும் இல்லாமலே மீள்தன்மை உள்ள கம்பி மாதிரி நடந்துகொள்ளும். வளைத்தால் நேராகப் பார்க்கும். அங்கே விறைப்பைத் தருவதே காந்தம்தான். டொமினிக் வெல்லா, அலென் கோரியேலி உள்ளிட்டோர் 2014-ல் இதைக் கணக்கிட்டு, அந்தச் சங்கிலியை ஒரு மீட்சிக் கம்பியாகவே கருதலாம் என்று காட்டினார்கள். நெட்டுக்குத்தலாக நிறுத்தி உருண்டைகளைச் சேர்த்துக்கொண்டே போனால் ஒரு உயரத்துக்கு மேல் தன் எடையாலேயே சாய்ந்துவிடும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் மட்டும் இவற்றை வைக்காதீர்கள். இரண்டு உருண்டைகளை விழுங்கினால், குடலின் இரு மடிப்புகளை நடுவில் வைத்து நசுக்கித் துளை போட்டுவிடும்.

நம் மூச்சுக்குழாயின் உள்பக்கத்தில் ஆறேழு மைக்ரோமீட்டர் நீளமுள்ள நுண்மயிர்கள் நொடிக்குப் பத்துப் பதினைந்து முறை அடித்துச் சளியை மேலே தள்ளிக்கொண்டிருக்கின்றன. அவற்றைப் போலவே காந்த இழைகளை ஒரு பரப்பில் நட்டு, புலத்தால் ஆட்டித் திரவத்தை ஓட்டப் பலர் முயன்றிருக்கிறார்கள். வட கரோலினாவின் சாப்பல் ஹில் பல்கலைக்கழகத்தில் 2007-ல் ரப்பரில் செய்தார்கள். ஸ்லோவேனியாவின் லியுப்லியானாவில் 2010-ல் உருண்டைச் சங்கிலிகளில் செய்தார்கள். சாய்ந்த கூம்பு வடிவில் சுற்றவிட்டால், தரையை ஒட்டிப் போகும் பாதியில் திரவம் தரையோடு ஒட்டிக்கொண்டு நகர மறுக்கும். மேலே போகும் பாதி அதிகமாகத் தள்ளும். அந்த வித்தியாசமே ஓட்டம்.

நான் அதிகம் எதிர்பார்ப்பது மருத்துவத்தில். மூளையில் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டால், தொடையிலோ மணிக்கட்டிலோ ஒரு மெல்லிய வழிகாட்டிக் கம்பியை நுழைத்து அடைப்புவரை கொண்டுபோவார்கள். கம்பியின் நுனி முன்கூட்டியே கொஞ்சம் வளைந்திருக்கும். மருத்துவர் வெளியிலிருந்து அதை முறுக்கி முறுக்கி ஒவ்வொரு கிளையிலும் திருப்ப வேண்டும். மிகுந்த கைப்பழக்கம் கேட்கும் வேலை, ஒவ்வொரு நிமிடமும் மூளைச் செல்கள் செத்துக்கொண்டிருக்கும் நேரம். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் யூன்ஹோ கிம், ஷுவான்ஹே ஷாவ் குழுவினர் 2019-ல் ஒரு மில்லிமீட்டரைவிட ஒல்லியான, காந்தப் பொடி கலந்த மென்மையான நூலைச் செய்து, நீரை உறிஞ்சி வைத்திருக்கும் ஹைட்ரோஜெல் என்ற பொருளால் வழவழப்பான தோலைப் போர்த்தினார்கள். மூளை ரத்தக்குழாய்களைப் போலச் செய்த சிலிக்கோன் மாதிரிக்குள் அதை விட்டு, வெளியே ஒரு காந்தத்தை நகர்த்தியே கிளை கிளையாகத் திருப்பிக் காட்டினார்கள். மேலே நாம் போட்ட கணக்கின் நூல் ஏறத்தாழ அந்த வகையைச் சேர்ந்ததுதான். நுனியில் சில மில்லிமீட்டர் நீளம் வளைந்தால் போதும், கிளையில் திரும்பிவிடலாம்.

தடை எங்கே என்றால், தூரத்தில். ஒரு காந்தத்தின் புலம், தூரம் இரட்டிப்பானால் எட்டில் ஒரு பங்காகிவிடும். மேசை மேல் வைத்த சிலிக்கோன் குழாய்க்குப் பக்கத்தில் காந்தத்தைக் கொண்டுபோவது சுலபம். மண்டையோட்டின் நடுவிலுள்ள நாளத்துக்கு அதே 20 மில்லிடெஸ்லாவைக் கொண்டுபோகப் பெரிய காந்தமும், அதைத் துல்லியமாக நகர்த்தும் இயந்திரக் கையும், அந்த அறைக்குள் எக்ஸ்ரே கருவிக்கு இடமும் வேண்டும். நூலை இன்னும் மென்மையாக்கினால் குறைந்த புலமே போதும், உண்மைதான். ஆனால் மிக மென்மையான நூலைப் பின்னாலிருந்து தள்ள முடியாது, அது ஈர்க்கு மாதிரி குழாய்க்குள்ளேயே மடிந்துவிடும். நுனி மென்மையாகவும் உடல் விறைப்பாகவும் இருக்க வேண்டும்.

ஒரு பாக்டீரியா செய்யும் வேலை

இவ்வளவையும் மனிதர்களுக்கு முன்பே செய்தவை உண்டு. 1975-ல் ரிச்சர்ட் பிளேக்மோர், மாசசூசெட்ஸ் கடற்கரைச் சேற்றில், காந்தத்தின் திசையைப் பின்பற்றி நீந்தும் பாக்டீரியாக்களைப் பற்றி எழுதினார். இத்தாலியின் பாவியாவில் சால்வடோரே பெல்லினி 1963-லேயே அப்படிப்பட்டவற்றைக் கவனித்திருந்தார். அவற்றின் உடலுக்குள் சில பத்து நானோமீட்டர் அளவுள்ள மேக்னடைட் என்ற இரும்பு ஆக்சைடு படிகங்கள் ஒரு சங்கிலியாக நிற்கின்றன. அந்த அளவில் படிகம் சொந்தக் காந்தத்தைத் தக்கவைத்துக்கொள்ளும் அளவுக்குப் பெரியது, ஒரே காந்தமாக இருக்கும் அளவுக்குச் சிறியது.

ஆனால் சங்கிலியாக நிற்பது தானாக நடப்பதில்லை. வலுவான காந்தங்களைச் சும்மா விட்டால் சுருண்டு உருண்டையாகிவிடும். அப்போது வடக்கும் தெற்கும் ஒன்றையொன்று மூடிக்கொள்ளும், திசைகாட்டி செத்துப்போகும். 2006-ல், மாம்ஜே என்ற புரதத்தை எடுத்துவிட்ட பாக்டீரியாக்களில் அதுவே நடந்ததைக் கண்டார்கள்: படிகங்கள் கொத்தாகக் குவிந்துவிட்டன. செல்லுக்குள் ஓடும் ஒரு புரத இழையோடு படிகங்களை அந்த மாம்ஜே கட்டிவைத்திருக்கிறது. பாரிஸில் டி.என்.ஏ. செய்த வேலை.

அந்த பாக்டீரியா இரண்டாகப் பிரிய வேண்டிய நேரம் வரும்போது இன்னொரு சிக்கல். நடுவில் காந்தச் சங்கிலி. அதை நேராக இழுத்துப் பிரிப்பது மிகக் கடினம். காந்த உருண்டைகளைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். இழுத்தால் வராது, பக்கவாட்டில் ஒடித்தால் வந்துவிடும். பிரியும் பாக்டீரியாக்களை நுண்ணோக்கியில் பார்த்தபோது, செல் ஒரு பக்கமாக மட்டும் முதலில் உள்ளே ஒடுங்குவதையும், ஒடுங்கிய இடத்தில் உடலே மடங்குவதையும் கண்டார்கள். மடங்கும்போது சங்கிலி ஒரு ஓரத்தில் வாய் பிளக்கிறது, இடைவெளி கூடக் கூட இழுப்பு வேகமாகக் குறைகிறது. அப்புறம் இரண்டு செல்களும் ஆளுக்குப் பாதிச் சங்கிலியோடு விலகிப் போகின்றன.